அப்பத்தாவின் கண்டிச்சீமை: ராமநாதபுரம் கடற்கரையில் ஓர் இளையோர் நாவல் எழுதும் முறை

தன் குடும்பம் கடல் தாண்டி வந்தது என்று ஒரு பதினாறு வயதுப் பெண் கண்டுபிடிக்கும் கதைக்கு ராமநாதபுரம் கடற்கரையைவிட வாகான இடம் தமிழ்நாட்டில் இல்லை. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை என எந்த ஊரிலும் இலங்கையோடு தொடர்பில்லாத தெரு அரிது. இருந்தும் இந்தக் கதையைத் தொடங்கும் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். உணர்ச்சி அவர்களிடம் ஏராளமாக இருக்கிறது. ஆண்டுக்கணக்கும் காகிதங்களும் அடுப்படியும்தான் கைகொடுப்பதில்லை. இந்த வழிகாட்டி அவற்றைப் பற்றியது.

இந்த வகை நாவல் அமெரிக்காவில் நன்றாக வேரூன்றியிருக்கிறது. ஹெய்ட்டியிலிருந்து வந்த குடும்பங்களின் பேத்திகளை வைத்து எழுதப்படும் கதைகள் அதற்கு நல்ல உதாரணம். 1957 முதல் 1986 வரை நடந்த துவாலியே தந்தை, மகன் சர்வாதிகாரத்தில் நாட்டைவிட்டு ஓடியவர்கள் ஏராளம். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பல வீடுகளில் கிரியோல் மொழி பாதிதான் புரியும். ஜனவரி 1 அன்று வீட்டில் பூசணி சூப் காய்ச்சுவார்கள். அடிமைக் காலத்தில் தங்கள் முன்னோருக்கு மறுக்கப்பட்டிருந்த அந்த உணவை, 1804-இல் விடுதலை அடைந்த நாளின் நினைவாக அவர்கள் குடிக்கிறார்கள். 2021-இல் யுனெஸ்கோ அதை மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒரு கிண்ணம் சூப்பை வைத்தே அங்கே ஓர் அத்தியாயம் எழுதிவிடலாம்.

அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, உணவுக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றைச் சமையல் நடக்கும்போதே வெளிக்கொண்டுவரும் முறையை. மொழி தெரியாத பேத்தி என்ற அமைப்பை எடுக்கக்கூடாது. இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்திலிருந்து (பழைய பேச்சில் கண்டிச்சீமை) வந்த அப்பத்தாவும் தமிழ்தான் பேசுவார், மாரியம்மனைத்தான் கும்பிடுவார், அக்கரைக்கும் இக்கரைக்கும் தூரம் 30 கி.மீ. சொச்சம்தான். வெளியே எதுவும் வித்தியாசமாகத் தெரியாததால், அவர் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், எல்லாமே மறைந்துவிடும். உங்கள் நாவலின் முழுச் சிக்கலும் இதில்தான் இருக்கிறது. வருஷக்கணக்கில் ஒரே வீட்டில், ஒரே மொழியில், ஒருத்தி எப்படி இதைச் சொல்லாமல் இருந்தாள், ஏன்?

எந்த இலங்கை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தக் கடற்கரையில் இலங்கைத் தொடர்பு குறைந்தது நாலு விதம். கொழும்பில் கடை வைத்திருந்த கீழக்கரை வணிகக் குடும்பங்கள். தனுஷ்கோடிக்கும் மன்னாருக்கும் இடையில் உறவு வைத்திருந்த மீனவர்கள். 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர். தேயிலைத் தோட்டங்களிலிருந்து 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தமிழர். நான்கின் பேச்சும் உணவும் ஆவணமும் வேறு. ஒரே அப்பத்தாவிடம் நான்கையும் கலந்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

மலையகக் கதையை எழுதுகிறவர் இன்னொரு வேறுபாட்டையும் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் வந்தவர்கள் தாயகம் திரும்பியோர். இந்தியக் கடவுச்சீட்டோடு வந்த குடிமக்கள். போரில் வந்தவர்கள் அகதிகள். அவர்களில் பெரும்பாலோருக்கு இன்றும் குடியுரிமை இல்லை. அகதிகளாக வந்தவர்களிலும் மலையக வம்சாவளியினர் உண்டு என்பதால் குழப்பம் எளிதில் வரும். இந்தக் குழப்பத்தைக் கதைக்குள்ளேயே பயன்படுத்துங்கள். பேத்தி முதலில் "நாம அகதியா?" என்று தவறாக ஊகிக்கட்டும். மண்டபம் மறுவாழ்வு முகாமில் இருக்கும் பள்ளித் தோழி அதைத் திருத்தட்டும்: "ஒங்க அப்பத்தாவுக்கு ஓட்டு இருக்குல்ல? அப்ப நீங்க வேற, நாங்க வேற." அந்த ஒரு வரி பல பக்க விளக்கத்தை மிச்சப்படுத்தும்.

ஆண்டுக்கணக்கு

ஒரு தாளை எடுத்து மூன்று தலைமுறையின் பிறந்த ஆண்டுகளை எழுதுங்கள். கதை நடப்பது 2024 என்றால் பேத்தி 2008-இல் பிறந்தவள், அவள் அப்பா 1981, அப்பத்தா 1960. அப்பத்தா 1974-இல் கப்பலேறினார் என்று வைத்தால் அப்போது அவருக்கு 14 வயது. பேத்தியும் அப்பத்தாவும் ஏறக்குறைய ஒரே வயதில் நாவலுக்குள் நிற்பார்கள். இளையோர் நாவலுக்கு இதைவிட நல்ல அமைப்புக் கிடைக்காது. ஆண்டை இஷ்டத்துக்கு 1968, 1984 என்று நகர்த்தினால் இந்தப் பொருத்தம் போய்விடும்.

1974-ஐத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974-இல் இரண்டு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. அந்த 1973, 74-இல்தான் தோட்டங்களில் கடும் பஞ்சம். அரிசிப் பங்கீடு குறைந்தது, மாவு கிடைக்கவில்லை, வேலை நாட்களும் குறைந்தன. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுப் போகலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் பெட்டி கட்டுவதற்கு இந்தப் பசி போதுமான காரணம்.

இந்த எண்களை நாவலில் எழுதாதீர்கள். அவை உங்கள் மேசையில் ஒட்டிவைப்பதற்கு. அப்பத்தா ஒப்பந்தத்தின் பெயரை முழுசாகச் சொல்ல மாட்டார். "ஒப்பந்தத்துல வந்தோம்" என்பார், அவ்வளவுதான்.

வழித்தடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டது. அதன்பின் பயணிகள் கப்பலில் வந்த எவரும் தனுஷ்கோடியில் இறங்கியிருக்க முடியாது. தலைமன்னாரிலிருந்து கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. ராமானுஜம் என்ற கப்பலின் பெயரை அந்தக் காலத்தவர் இன்றும் சொல்வார்கள். போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி போய்க் கப்பலேறும் காட்சி வேண்டுமென்றால் அதைக் கொள்ளுப்பாட்டி காலத்துக்குத் தள்ளுங்கள். அதிலும் 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்ததற்குப் பிந்திய ஆண்டாகப் பாருங்கள். அதற்கு முன் கொழும்புக் கப்பல் தூத்துக்குடியிலிருந்துதான். பாம்பனில் சாலைப்பாலம் வந்தது 1988-இல். ஆகவே 1974-இல் குடும்பம் பஸ்ஸில் மண்டபம் போவதாக எழுதினால் கதை அங்கேயே படுத்துவிடும். ரயில்தான். மலையகப் பக்கத்துப் பயணமும் ரயில்தான்: அட்டன் போன்ற நிலையத்தில் ஏறி, பொல்காவலையில் வடக்குப் பாதைக்கு மாறி, அனுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார். ரயிலை அவர்கள் கோச்சி என்பார்கள்.

மண்டபம் முகாமுக்கும் இரண்டு காலம் உண்டு. தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய காலத்தில் இலங்கை அரசு தொழிலாளர்களைத் தடுத்துவைத்துத் தொற்றுநோய்ச் சோதனை செய்த இடம் அது. கொள்ளுத்தாத்தா போகும்போது தங்கிய அதே வளாகத்தில் அப்பத்தா திரும்பி வந்து தங்கினார் என்பது கற்பனையே தேவைப்படாத உண்மை. வலுவான காட்சி, ஒரே ஒருமுறை மட்டும் பயன்படுத்துங்கள்.

பெட்டி ஏன் திறக்கிறது

பரணில் பழைய பெட்டி, உள்ளே மஞ்சள் காகிதம் என்று தொடங்குவது எல்லாரும் செய்வது. பெட்டி இருக்கட்டும், அதைத் திறக்க ஓர் அவசியம் வேண்டும். பலர் இதற்குப் பேத்தியின் சாதிச் சான்றிதழைக் காரணமாக்குகிறார்கள். அது பொருந்தாது. சான்றிதழ் வழக்கமாக அப்பா வழியில் கேட்கப்படும். தாத்தா உள்ளூர்க்காரராக இருந்தால் அப்பத்தாவின் காகிதத்தை எவரும் கேட்கமாட்டார்கள். பொருந்தக்கூடிய காரணங்கள் இரண்டு. ஒன்று, தாத்தா இறந்தபின் வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம்; அங்கே மனைவியின் பெயர் ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக இருப்பது தெரியவரும். இரண்டு, அப்பத்தாவுக்கு முதியோர் உதவித்தொகை. வயதுச் சான்று கேட்கும்போது வீட்டில் யாருக்கும் அவர் பிறந்த ஊர் தெரியாது. இ-சேவை மையத்தில் பேத்திதான் பக்கத்தில் நிற்பாள், விண்ணப்பத்தை அவள்தான் நிரப்புவாள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் பேனா நிற்கட்டும்.

பெட்டிக்குள் என்ன இருக்கலாம்: கண்டியில் இருந்த இந்தியத் துணைத் தூதரகம் கொடுத்த கடவுச்சீட்டு, குடும்பத்தினரின் பெயர்கள் எழுதிய தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை, தோட்டத்து நிலுவை பற்றிய ஒரு சீட்டு. குடும்ப அட்டை முக்கியமானது. மறுவாழ்வு உதவியெல்லாம் அதை வைத்துத்தான் கிடைத்தது. அதில் ஒரு பெயர் இருந்து, வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை என்றால், நாவலின் இரண்டாம் பாதிக்கான கேள்வி பிறந்துவிடும்.

வாசகர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: திரும்பி வந்தவர்கள் பலர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கும் வேறு மாவட்டங்களுக்கும் அனுப்பப்பட்டார்களே, இந்தக் குடும்பம் ஏன் கடற்கரையிலேயே தங்கியது? பதிலை மூன்றாம் அத்தியாயத்துக்குள் தயார் செய்துவிடுங்கள். அரசு வியாபாரக் கடன் கொடுத்தது. தோட்ட வேலை தவிர வேறொன்றும் தெரியாத பலர் அந்தப் பணத்தைச் சீக்கிரமே இழந்தார்கள். கொள்ளுத்தாத்தா உச்சிப்புளியில் ஒரு பெட்டிக்கடை வைத்து நொடித்துப்போய், மூத்த மகளைப் பாம்பனில் கட்டிக்கொடுத்துவிட்டு மற்றவர்களோடு நீலகிரி மாவட்டத்துக் கூடலூர் போய்விட்டார் என்றால் எல்லாம் பொருந்தும். அப்பத்தா தனியாக இங்கே நின்றுபோனதற்கும், கூடலூரில் பேத்திக்குத் தெரியாத சொந்தம் இருப்பதற்கும் அதுவே விடை.

ரொட்டி

சமையல் காட்சியை எழுதும் முன் ஒருமுறை சமைத்துவிடுங்கள். கை அறியாத பண்டத்தைப் பற்றி எழுதினால் வாசனை வராது.

தோட்டத்துத் தேங்காய் ரொட்டிக்கு மைதா 250 கிராம், துருவிய தேங்காய் ஒரு கப், உப்பு அரைத் தேக்கரண்டி. இலங்கையில் கோதுமை மா என்பது நம் ஊர் மைதாவைத்தான். இங்கே அப்பத்தா கடைக்காரரிடம் கோதுமை மாவு கேட்டு, பழுப்பு மாவு வந்து, ரொட்டி வேறு மாதிரி ஆனது 1974-இன் நல்ல சிறு காட்சி. முதலில் தேங்காயையும் உப்பையும் மாவில் பிசறுங்கள், ஈரம் இறங்கும். அதன்பின் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக, மொத்தம் 100 மி.லி. அளவில். ஒரேயடியாக ஊற்றினால் கையில் ஒட்டும், மேலும் மாவு போடுவீர்கள், ரொட்டி ரப்பராகும். 15 நிமிடம் மூடி வையுங்கள். ஆறு உருண்டை பிடித்து, அரை செ.மீ. கனத்துக்குக் கையாலேயே தட்டுங்கள். எண்ணெய் இல்லாத தோசைக்கல்லில் மிதமான தீயில் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம். தீ கூடினால் மேலே கருகும், நடுவே பச்சை மாவு வாடை நிற்கும்.

தொட்டுக்கொள்ளச் சம்பல்: பத்து வற்றல் மிளகாயை உப்போடு இடித்து, இரண்டு தேக்கரண்டி மாசிக் கருவாட்டுத் தூள் சேர்த்து, கடைசியில் பத்துச் சின்ன வெங்காயத்தைப் போட்டு ஒன்றிரண்டாக நசுக்கி, எலுமிச்சை பிழியுங்கள். வெங்காயத்தை முதலில் போட்டால் தண்ணீர் விட்டு மிளகாய் மசியாது. பஞ்ச காலத்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், மாசி இருந்திருக்காது, தேங்காயும் அரிது. 14 வயது அப்பத்தா சாப்பிட்டது இதைவிட ஏழ்மையான ரொட்டி. அவர் இன்றைக்குத் தேங்காயை அள்ளிப் போடுகிறார் என்பதை மட்டும் எழுதுங்கள், காரணத்தைப் பேத்தி பிறகு கண்டுபிடிப்பாள்.

1974 அத்தியாயங்கள்

நாவல் 36,000 சொல் என்று வைத்தால், ஒரு பக்கத்துக்கு 200 சொல் கணக்கில் 180 பக்கம். 24 அத்தியாயம், ஒன்றுக்குச் சுமார் 1,500 சொல். இதில் பழைய காலத்துக்கு ஐந்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அதிகமானால் பேத்தி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாத்திரமாகிவிடுவாள்.

அந்த ஐந்தையும் 14 வயதுப் பெண்ணின் உடம்பிலிருந்து எழுதுங்கள். விடியும் முன், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுப்பது, இடுப்பில் படங்குச் சாக்கு, முதுகில் கூடை, கூடையின் கயிறு நெற்றிக்கு மேலே தலையில், மழையில் கம்பளி, காலில் அட்டை, இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுவதில் விரல் நுனி கறுப்பது, நிறுவையில் கணக்கப்பிள்ளை எடை குறைப்பது. லயத்துக் காம்பரா (அறை) 10-க்கு 12 அடி, அதற்குள் முழுக் குடும்பம். தோட்டப் பள்ளிகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். மாசி மாதம் காமன் கூத்து. மலையகத்துக் குளிரிலிருந்து வந்தவளை மண்டபத்து வெயிலும் உப்புக்காற்றும் என்ன செய்யும் என்பதற்கு ஒரு பக்கம் தாராளமாக ஒதுக்குங்கள்.

வந்த பிறகு அவருக்கு என்ன வேலை கொடுக்கிறீர்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. கடற்பாசி எடுக்கப் போவதாக எழுத ஆசை வரும். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் பெண்கள் சிறுவயதிலேயே முங்கப் பழகியவர்கள்; மலையிலிருந்து 14 வயதில் வந்தவர் அந்தக் கூட்டத்தில் சேர்வது நம்பும்படி இருக்காது. கருவாடு காயவைப்பதும் பனையோலை முடைவதும் பொருந்தும்.

பேச்சு

அப்பத்தா வாயில் யாழ்ப்பாணத் தமிழை வைக்காதீர்கள். "அவை கதைக்கினம்" என்று மலையகத்தில் பேசமாட்டார்கள். அவர்கள் பேச்சு திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துத் தமிழ். அதற்குள் காம்பரா, கோச்சி, தேத்தண்ணி போலச் சில சொற்கள். இத்தனை வருஷம் பாம்பனில் வாழ்ந்தவரிடம் அவைகூடத் தேய்ந்திருக்கும். காய்ச்சலிலோ கோபத்திலோ ஒன்று வெளியே வரட்டும். நாவல் முழுக்க ஏழெட்டுக்கு மேல் வேண்டாம். உள்ளூர்ப் பாத்திரங்களுக்கும் இதே எச்சரிக்கை: "ஏலே" போட்டால் திருநெல்வேலி ஆகிவிடும். இங்கே அங்கிட்டு, இங்கிட்டு, வெஞ்சனம், "என்ன தாயி". கடலோர வீடென்றால் காற்றின் பெயர்கள் தானாக வரும்: வாடை, கொண்டல், கச்சான், சோழகம்.

மௌனத்தின் காரணம்

இதைப் பூசி மெழுகினால் நாவல் பொய்யாகிவிடும். தோட்டத்துக்குப் போனவர்களில் பெரும்பகுதி நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சாதியினர். திரும்பி வந்தபோது "சிலோன்காரங்க" என்ற பேச்சு அவர்களுக்குக் கிடைத்தது. அப்பத்தாவின் மௌனம் வறுமையாலா, சாதியாலா, புகுந்த வீட்டுக் கட்டளையாலா, கப்பலில் ஏறாமல் அக்கரையிலேயே நின்றுவிட்ட ஒருவராலா என்று எழுதும் முன்பே முடிவெடுங்கள். சாதிதான் காரணமென்றால் நேராகச் சொல்லுங்கள். பதினாறு வயது வாசகருக்கு அது தெரியாத விஷயம் அல்ல, பள்ளியிலேயே பார்க்கிறார்கள்.

காலத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறை அப்போதுதான். விசைப்படகில் போகும் அப்பாவும் வேலையின்றி வீட்டில் இருப்பார், கையில் காசும் குறையும். கேள்வி கேட்கும் மகளும் பதில் சொல்ல விரும்பாத அப்பாவும் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு மாதம். அப்பாவுக்கு நாட்டுப்படகைக் கொடுத்துவிடாதீர்கள், அதற்குத் தடை பொருந்தாது.

பெரியவர்களிடம் கேட்பது

திரும்பி வந்த தலைமுறையில் இன்னும் பலர் இருக்கிறார்கள், ஆனால் வயது எழுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. சீக்கிரம் போய்க் கேளுங்கள். "ஏன் வந்தீங்க?" என்று தொடங்கினால் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும். "கப்பல்ல என்ன சாப்பிட்டீங்க, பெட்டியில என்ன எடுத்துட்டு வந்தீங்க, எதை விட்டுட்டு வந்தீங்க" என்று பொருளைக் கேளுங்கள். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் போதும். அதற்குமேல் அவர்கள் களைத்துப்போவார்கள், நீங்கள் கேட்க விரும்பியதையே சொல்லத் தொடங்குவார்கள். பதிவு செய்ய அனுமதி வாங்குங்கள். தோட்டத்தின் பெயர், ஆளின் பெயர் இரண்டையும் நாவலில் மாற்றிவிடுங்கள். முகாமுக்குள் அனுமதியின்றி நுழைய முடியாது, அங்கே வாழ்கிறவர்களைக் கதைச் சரக்காகப் பார்க்கவும் கூடாது. கையெழுத்துப்படி முடிந்ததும் பழைய கால அத்தியாயங்களை, சொன்னவர்களில் ஒருவருக்காவது வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். "அப்பிடி இல்ல" என்று அவர் இடைமறிக்கும் இடங்கள்தான் நீங்கள் திருத்த வேண்டியவை.

முடிவில் அக்கரைக்கு அனுப்புவதா

அனுப்பலாம், ஆனால் வழி சரியாக இருக்க வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து இப்போது பயணிகள் கப்பல் கிடையாது. 2023 அக்டோபரில் தொடங்கிய சேவை நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு; அங்கிருந்து மலையகம் போக இலங்கையின் நீளத்தில் பாதிக்குமேல் கடக்க வேண்டும். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் உண்டு. பேத்திக்குக் கடவுச்சீட்டு வேண்டும், 18 வயது ஆகாததால் பெற்றோர் சம்மதம் வேண்டும், தடைக்காலத்தில் காசில்லாத வீட்டில் இந்தச் செலவுக்கு யார் கொடுப்பது என்ற கேள்வியும் வரும். இத்தனையும் கடைசி இரண்டு அத்தியாயத்துக்குள் அடங்காது. கூடலூர் அடங்கும். ராமநாதபுரத்திலிருந்து மதுரை, கோவை, ஊட்டி என்று பஸ் மாறி ஒரே நாளில் போய்விடலாம்; அப்பத்தாவையும் கூட்டிப்போகலாம்; குடும்ப அட்டையில் இருந்த அந்தப் பெயருக்குரியவரும் அங்கேதான் இன்னும் கொழுந்து கிள்ளிக்கொண்டிருப்பார்.